தங்க நிறக் காலிப்பருக்கு எட்டாயிரம் டாலர்

2021 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு, பிஎம்டபிள்யூ எம்3 காம்பெடிஷன் எக்ஸ்டிரைவ் காரின் ஆர்டர் படிவத்தில் மூன்று கட்டங்களில் டிக் அடித்தேன். கார்பன் செராமிக் பிரேக்குக்கு 8,150 டாலர், கார்பன் பக்கெட் இருக்கைகளுக்கு 3,800 டாலர், உச்ச வேக வரம்பை உயர்த்தித் தரும் எம் டிரைவர்ஸ் பேக்கேஜுக்கு 2,500 டாலர். மூன்றும் சேர்ந்து 14,450 ஆயிற்று. நியூ ஜெர்சியின் 6.625 சதவீத விற்பனை வரி ஆப்ஷன்களுக்கும் உண்டு என்பதால், கணக்கு 15,400 டாலரைத் தாண்டியது. அந்தப் பணத்தில் இன்னொரு பழைய காரையே வாங்கி நிறுத்தியிருக்கலாமே என்று மறுநாள் காலையில் மனைவி கேட்டபோது, விற்கும்போது பாதியாவது திரும்பி வந்துவிடும் என்று பதில் சொன்னேன். மூன்றாண்டுகள் ஓட்டிய அந்தக் காரை அண்மையில் விற்றுவிட்டேன். அந்தப் பதில் எவ்வளவு அசட்டுத்தனமானது என்பதை இப்போது ரசீதுகளோடு சொல்ல முடிகிறது.

பெரிய தொகையிலிருந்தே தொடங்குகிறேன். செராமிக் பிரேக்கில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. சாதாரண காரில் பிரேக் டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. செராமிக் வகையிலோ கார்பன் இழையையும் சிலிக்கான் கார்பைடையும் மிக உயர்ந்த வெப்பத்தில் ஒன்றாக்கி டிஸ்க்கை உருவாக்குகிறார்கள். போர்ஷ நிறுவனம் 2001இல் 911 ஜிடி2 காரில் பொருத்திய காலத்திலிருந்தே, பந்தயத் தடத்தில் அடுத்தடுத்து முழு வேகத்திலிருந்து பிரேக் பிடித்தாலும் பிடிமானம் தளராது என்பதுதான் இதன் பெருமை. எம்3இல் முன் டிஸ்க் 380 மில்லிமீட்டரிலிருந்து 400 மில்லிமீட்டராகப் பெரிதாகிறது. அப்படியிருந்தும் மொத்த எடை ஏறத்தாழ 14 கிலோ குறைகிறது. அந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே, சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் எடை என்பதால், டிக்கியில் இருக்கும் 14 கிலோவை இறக்கி வைப்பதைவிட இதனால் கிடைக்கும் பயன் அதிகம். இவ்வளவும் உண்மை. ஆர்டர் செய்வதற்கு முன் இதையெல்லாம் நானும் படித்துக் கரைத்துக் குடித்திருந்தேன்.

படிக்காமல் விட்டதை மில்வில்லில் உள்ள நியூ ஜெர்சி மோட்டார்ஸ்போர்ட்ஸ் பார்க்கில் கற்றுக்கொண்டேன். அங்குள்ள தண்டர்போல்ட் தடம் 2.25 மைல் நீளமானது. மூன்றாண்டுகளில் இரண்டே முறை அங்கே ஓட்டினேன். முதல் நாள் காலையில் வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருந்த இடத்தில் நடந்து பார்த்தபோது, செராமிக் பிரேக்கின் அடையாளமான தங்க நிறக் காலிப்பர், அதாவது பிரேக் பேடுகளை டிஸ்க்கின்மேல் அழுத்தும் பாகம், என் வண்டியில் மட்டுந்தான் மின்னிக்கொண்டிருந்தது. மாதம் ஒரு முறையாவது தடத்துக்கு வருகிறவர்கள், அதாவது இந்த ஆப்ஷன் யாருக்காகச் செய்யப்பட்டது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேனோ அவர்கள், எல்லோரும் இரும்பு டிஸ்க்கோடுதான் வந்திருந்தார்கள். காரணம் மிக எளியது. இரும்பு டிஸ்க் தேய்ந்தால் சில நூறு டாலரில் மாற்றிவிடலாம். அதிக வெப்பத்தைத் தாங்கும் பேடுகளைப் போட்டு, பிரேக் திரவத்தையும் கொதிநிலை உயர்ந்த வகைக்கு மாற்றிவிட்டால், இருபது நிமிட ஓட்டத்துக்கு அதுவே போதும். செராமிக் டிஸ்க் ஒன்று கெட்டாலோ அந்த ஒன்றுக்கே ஆயிரக்கணக்கில் அழ வேண்டும். தடத்தில் கிடந்து உழல்கிறவர்கள் தவிர்க்கும் பொருளைத் தடத்தின் பெயரைச் சொல்லித் தெருவில் ஓட்டுகிறவர்களுக்கு விற்கிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

தெருவில் அதன் குணமே வேறு. காலைக் குளிரில் முதல் இரண்டு மூன்று முறை மிதிக்கும்போது, பெரும்பாலான செராமிக் பிரேக்குகளைப் போலவே, கரும்பலகையில் சாக்பீஸ் கீச்சிடுவதுபோல ஒரு சத்தம் வரும். பள்ளி வாசலில் பிள்ளைகளை இறக்கிவிடும் வரிசையில் அந்தச் சத்தத்தோடு ஊர்ந்து போகையில், இவ்வளவு விலையுள்ள வண்டிக்குப் பிரேக் பேட் மாற்றக்கூடக் காசில்லையா என்பதுபோல முன்னால் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அடுத்தது டயர் கடை. சக்கரத்தைக் கழற்றும்போது ரிம் சற்றே சாய்ந்து செராமிக் டிஸ்க்கின் விளிம்பில் இடித்தாலும் விளிம்பு சிதறிவிடக்கூடும் என்பதால், போல்ட் துளையில் வழிகாட்டிக் கம்பியைத் திருகி, அதன்மேல் சக்கரத்தைத் தாங்கி மெதுவாக இழுக்க வேண்டும். வீட்டுக்கு அருகிலிருந்த டயர் கடைக்காரர், குளிர்கால டயர் மாட்டப் போயிருந்த என்னிடம், "இதில் கை வைக்க வேண்டுமென்றால் எதற்கும் நாங்கள் பொறுப்பில்லை என்று எழுதிக் கொடுங்கள்" என்று காகிதத்தை நீட்டினார். அவர்மீது தவறில்லை. அந்தக் கம்பி அவரிடம் இல்லை. அதை நான்தான் வாங்கிக் கையுறைப் பெட்டியில் வைத்திருந்திருக்க வேண்டும்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். இரும்பு டிஸ்க் உள்ள வண்டிகளில் ஒரே வாரத்தில் சக்கரமெல்லாம் கரி பூசியதுபோல் ஆகிவிடும். செராமிக்கில் அந்தத் தூசி மிகக் குறைவு. ஆக, 8,150 டாலர் கொடுத்து நான் அன்றாடம் கண்ட பலன், சனிக்கிழமைகளில் சக்கரம் தேய்த்துக் கழுவும் வேலை மிச்சமானது.

மதுரையிலிருந்து வந்திருந்த அப்பா, வண்டியைச் சுற்றி வந்து காலிப்பரைக் குனிந்து பார்த்துவிட்டு அதன் விலையைக் கேட்டார். சொன்னேன். டாலரை ரூபாயாக்கி மனத்துக்குள் பெருக்கி முடித்தவர், "ஏம்ப்பா, சாதா பிரேக் போட்டிருந்தா வண்டி நிக்காதா?" என்று கேட்டார். வெப்பத் தளர்வு, ஸ்பிரிங்குக்குக் கீழுள்ள எடை என்றெல்லாம் நான் தொடங்கிய விளக்கம் எனக்கே பிடிக்கவில்லை.

அதே அப்பாதான் கார்பன் பக்கெட் இருக்கையின் குணத்தையும் எனக்குப் புரியவைத்தார். இந்த இருக்கைகளால் வண்டியின் எடை 9.6 கிலோ குறைகிறது. பக்கவாட்டு மதில்கள் உயரமானவை. அதோடு, உட்காரும் இடத்தின் நடுவில், இரண்டு தொடைகளுக்கும் இடையே, கார்பனால் ஆன ஒரு திண்டு எழுந்து நிற்கும். பந்தயத்தில் கால்களைத் தன் தன் இடத்தில் நிறுத்தி வைக்க அது உதவும் என்பது வடிவமைத்தவர்களின் எண்ணம். வேட்டி கட்டிய எழுபது வயதுக்காரர் அந்த மதிலைத் தாண்டிக் காலை உள்ளே விட்டு, அந்தத் திண்டைத் தவிர்த்து அமர்வதற்குப் பட்ட பாட்டை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது அவர் பின்னிருக்கைதான் வசதி என்று சொல்லிவிட்டார். மில்வில்லின் வளைவுகளில் அதே இருக்கை என்னை அசையவிடாமல் கட்டிப் பிடித்துக்கொண்டது என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அந்த இரண்டு நாள் போக மற்ற நாள்களிலெல்லாம் கால் மைல் தள்ளியுள்ள மளிகைக் கடைக்கும் அதே மதிலைத் தாண்டித்தான் ஏறி இறங்கினேன்.

எம் டிரைவர்ஸ் பேக்கேஜ் மூன்றிலும் விசித்திரமானது. 1980களின் பிற்பகுதியில் ஜெர்மன் கார் நிறுவனங்கள் சில தமக்குள் பேசி, கார்களின் வேகத்தை மணிக்கு 250 கிலோமீட்டரில், அதாவது 155 மைலில், மின்னணு முறையில் நிறுத்திவைக்க ஒப்புக்கொண்டன. அந்தப் பூட்டைத் தளர்த்தி 180 மைலுக்கு, அதாவது 290 கிலோமீட்டருக்கு உயர்த்துவதற்குத்தான் இந்த 2,500 டாலர். எஞ்சின் அதே எஞ்சின். புதிதாக எந்தக் குதிரைத்திறனும் வந்து சேராது. ஜெர்மனியின் ஆட்டோபான் நெடுஞ்சாலையில் வேக வரம்பில்லாத பகுதிகளில் ஓட்டுகிறவருக்கு இதில் பொருள் இருக்கலாம். நான் ஓட்டும் நியூ ஜெர்சி டர்ன்பைக் நெடுஞ்சாலையில் உச்ச வரம்பு 65 மைல். தடத்திலும் நான் ஒரு முறைகூட 140ஐத் தொடவில்லை. பூட்டிய அறையின் சாவியை விலைக்கு வாங்கிவிட்டு, அந்த அறைக்குள் ஒரு நாளும் போகாதவன் கதைதான் என்னுடையது.

ஆனாலும் இந்த ஒன்றுக்காக நான் வருந்தவில்லை. இந்தப் பேக்கேஜோடு ஒரு நாள் ஓட்டுநர் பயிற்சியும் சேர்ந்து வந்தது. தென் கரோலினாவில், பிஎம்டபிள்யூ தொழிற்சாலைக்கு எதிரே உள்ள பயிற்சி மையத்துக்குப் போனேன். அங்கே வண்டி அவர்களுடையது, டயர் அவர்களுடையது, பிரேக்கும் அவர்களுடையது. தேய்வது எதுவும் நம் கணக்கில் வராது. நனைந்த தரையில் பின்சக்கரம் நழுவுவதை முதுகெலும்பில் உணர்ந்து ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்புவது, அவசரத்தில் பிரேக்கை உதைப்பதுபோல் முழுவதும் மிதித்துக்கொண்டே தடையைச் சுற்றித் திருப்புவது ஆகிய இரண்டையும் இருபது ஆண்டுகளாக வண்டி ஓட்டிவந்த நான் அன்றைக்குத்தான் முதல்முறையாக முறைப்படி செய்தேன். முதல் முறை பிரேக் பிடித்தபோது, பயிற்சியாளர் வாக்கி-டாக்கியில், "பெடல் உடைந்தால் புதிதாகப் போட்டுக்கொள்கிறோம், இன்னும் பலமாக மிதியுங்கள்" என்றார். நான் அதுவரை பாதி பலத்தில்தான் பிரேக் பிடித்து வந்திருக்கிறேன். பாதி பலத்தில் மிதிக்கிறவனுக்குச் செராமிக் என்ன, இரும்பு என்ன?

எல்லா ஆப்ஷனும் வீண் என்று சொல்ல வரவில்லை. காம்பெடிஷன் வகையில் பின்சக்கர இயக்கத்திலிருந்து எக்ஸ்டிரைவ் என்னும் நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற ஏறத்தாழ 4,000 டாலர் கூடுதலாகக் கொடுத்தேன். நிறுவனத்தின் கணக்குப்படியே அறுபது மைல் வேகத்தைத் தொடும் நேரம் 3.8 நொடியிலிருந்து 3.4 நொடியாகக் குறைகிறது. அதைவிட, பிப்ரவரியில் பனி உருகி மறுபடியும் உறைந்து கிடக்கும் காலையில் வீட்டு வாசல் சரிவை ஏறி வெளியே வர முடிகிறது. பிறகு மனம் மாறி வெளியே பொருத்திக்கொள்ள முடியாத பொருளும் அதுதான். வெந்நீர்க் குழாயைத் தொட்டதுபோல் இதமாக இருக்கும் சூடேறும் ஸ்டியரிங்கைக் குளிர்காலம் முழுவதும் நாள்தோறும் பயன்படுத்தினேன். பச்சை வண்ணத்துக்குக் கொடுத்த 550 டாலருக்கு, கார் நிறுத்துமிடத்தில் முன்பின் தெரியாதவர்கள் வந்து பேசினார்கள்.

பழைய தலைமுறை எம்3 வைத்திருந்த நண்பர் ஒருவருக்கு வேறு அனுபவம். அந்தத் தலைமுறையில் 2016இல் வந்த காம்பெடிஷன் பேக்கேஜ் 5,500 டாலர். 425 குதிரைத்திறன் 444 ஆனது; அந்தப் பத்தொன்பதை யாராலும் கண்ணைக் கட்டிக்கொண்டு கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஸ்பிரிங்கும் அதிர்வைத் தணிக்கும் டாம்பரும் மாற்றியமைக்கப்பட்டதால் வண்டி தரையில் அமரும் விதமே மாறியிருந்தது. பழைய கார் விளம்பரங்களில் அந்தப் பேக்கேஜின் பெயரைத் தலைப்பிலேயே போடுகிறார்கள். பெயருள்ள வகைக்கு மறுவிற்பனையில் மதிப்பு நிற்கிறது. அதே விலைக்கு வாங்கிய உதிரி ஆப்ஷன் விளம்பரத்தின் ஒன்பதாவது வரிக்குப் போய்விடுகிறது. கேடிலாக் சிடி5-வி பிளாக்விங்கில் செராமிக் பிரேக்குக்கு 9,000 டாலர் கேட்டார்கள். 668 குதிரைத்திறனோடு எம்3ஐவிட எடையும் கூடிய வண்டி அது. நிறுத்த வேண்டிய வேகமும் பாரமும் கூடும்போது வாதம் சற்றே வலுக்கிறது. அதையும் தடத்துக்கு அடிக்கடி கொண்டுபோகிறவர்தான் சொல்ல வேண்டும்.

லீஸில் எடுப்பவர்களுக்குக் கணக்கு வேறு. மூன்றாண்டு முடிவில் வண்டியின் எஞ்சிய மதிப்பைப் பட்டியல் விலையின் சதவீதமாக முன்கூட்டியே எழுதிவிடுகிறார்கள். பட்டியல் விலையில் ஆப்ஷன்களும் அடக்கம். அந்தச் சதவீதம் 55 என்று வைத்துக்கொண்டால், 8,150 டாலர் பிரேக்கில் நம் தலையில் விழுவது 45 சதவீதம், அதாவது ஏறத்தாழ 3,670 டாலர். மாதத்துக்கு வட்டி நீங்கலாக 102 டாலர். மறுவிற்பனையில் வரும் அடி லீஸ் கொடுத்தவரைச் சேரும். செராமிக் பிரேக் வேண்டும் என்று அடம் பிடிக்கிறவர்கள் லீஸில் எடுப்பதே புத்திசாலித்தனம். நான் முழுப் பணம் கட்டி வாங்கினேன்.

ஊரில் இந்தத் தொல்லையே பெரிதாக இல்லை. செங்கல்பட்டுக்கு அருகே மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் உள்ள பிஎம்டபிள்யூ ஆலையில் எம்340ஐ காரின் பாகங்களை ஒன்றுசேர்த்து, 2021 மார்ச்சில் 62.90 லட்சம் ரூபாய்க்கு அறிமுகப்படுத்தினார்கள். பெரும்பாலான வசதிகளை உள்ளேயே வைத்து ஒரே வகையாகத் தந்தார்கள். அங்கே வாங்குபவர் பெரும்பாலும் வண்ணத்தைச் சொன்னால் போதும். நள்ளிரவில் தனியாக உட்கார்ந்து கட்டம் கட்டமாக டிக் அடிக்கும் ஆபத்து அவர்களுக்கு இல்லை.

விற்கப் போன நாளில் வண்டியைக் கழுவி, காலிப்பரைத் தனியாகத் துணியால் துடைத்து, ஆர்டர் படிவத்தின் நகலையும் பையில் எடுத்துப் போனேன். மதிப்பிட வந்த இளைஞர் டயரின் ஆழத்தை அளந்தார், கதவு விளிம்பில் ஒரு கீறலைப் படம் எடுத்தார், மைல் கணக்கைக் குறித்துக்கொண்டார். செராமிக் பிரேக் உள்ள வண்டி என்று நானே எடுத்துச் சொன்னேன். "பார்த்தேன்" என்றார். அவருடைய கருவித் திரையில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கவில்லை. படிவத்தை நான் பையிலிருந்து எடுப்பதற்குள், சாவி இரண்டும் இருக்கிறதா என்று கேட்டார்.