ரேகை தேய்ந்த விரல்கள்

முடி கொட்டும் என்று எல்லோரும் முன்பே சொல்லிவிட்டார்கள். முதல் கீமோ போட்ட மூன்றாவது வாரம் சீப்போடு கொத்துக் கொத்தாக வந்தது. அழுதேன், ஆனால் தாங்கிக்கொண்டேன். விரல்களைப் பற்றித்தான் யாரும் சொல்லவில்லை.

எனக்கு வந்தது ஹார்மோன் மருந்துக்குக் கட்டுப்படாத ட்ரிபிள் நெகட்டிவ் வகை மார்பகப் புற்றுநோய். கீமோ முடிந்ததும் இடது மார்பை எடுத்தார்கள். அப்புறம் ரேடியேஷன். அறுவையில் எடுத்த சதையில் நோய் மிச்சம் இருந்ததால் கேப்சிடபைன் என்ற கீமோ மாத்திரை: இரண்டு வாரம் போட்டு ஒரு வாரம் இடைவெளி.

நான் பிளவுஸ் தைப்பவள். பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து ஏற்றிய காலத்திலேயே விரல் நுனி மரத்துப்போய் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. மாத்திரை ஆரம்பித்த பிறகு உள்ளங்கை சிவந்து எரிந்து தோல் உரிந்தது. ரேஷன் கடை மெஷினில் எந்த விரலை வைத்தாலும் ஏற்கவில்லை. என் கார்டு, என் பெயர், நிற்பதும் நான்தான். ஆனாலும் கூசிப்போய் நின்றேன். மகன் வந்து விரல் வைத்து அரிசி வாங்கினான். இந்த மாத்திரையில் ரேகை தேய்வது உண்டு, நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பிவிடும் என்று டாக்டர் சொல்லி யூரியா கிரீம் எழுதித் தந்தார். சிகிச்சை தொடங்குமுன்பே ஆதாரில் மொபைல் எண்ணைச் சேர்த்து வையுங்கள். ரேகை விழாத இடத்தில் பல நேரம் ஓடிபி கை கொடுக்கும்.

"பாவம் அக்கா, ரெஸ்ட் எடுங்க" என்று வாடிக்கையாளர்கள் அளவு பிளவுஸைத் திரும்ப வாங்கிப் போனார்கள். அன்புதான். ஆனாலும் மார்பை எடுத்தபோதுகூட நான் அவ்வளவு உடைந்துபோகவில்லை. நோயாளி என்பதைத் தவிர எனக்கு வேறு பெயரே இல்லாத மாதிரி ஆகிவிட்டது.

ஊர்ப் பெண்களுக்கெல்லாம் அளவெடுத்தவள், என் உடம்பில் டேப்பை வைக்கப் பயந்து தள்ளிப்போட்டேன். ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தேன். அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்ததால் இடது கை வீங்கியிருந்தது; எனக்குத் தைத்த பிளவுஸில் அந்தக் கையை மட்டும் ஒரு இன்ச் தளர்த்தினேன். இடப்பக்கம் லைனிங் துணிக்குள் ஒரு பை தைத்து, காயம் ஆறும்வரை பஞ்சுத் திண்டு வைத்தேன். பிறகு போட்ட சிலிக்கான் திண்டு கனமாக இருந்ததால் தோள்பட்டையை அகலமாக்கினேன். ஊக்கு போட விரல் ஒத்துழைக்காது, அதனால் முன்பக்கம் வெல்க்ரோ. தையல் கொஞ்சம் கோணல்தான். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோது, கழுத்து இன்னும் அரை இன்ச் இறங்கலாம் என்று தோன்றியது. பழைய தையல்காரிக்கு வருகிற யோசனை!

அந்த பிளவுஸைப் பார்த்து, கீமோ வார்டில் பழக்கமான ஒரு அக்கா தனக்கும் கேட்டார். கூலி வேண்டாம் என்றேன், விடவில்லை, வாங்கிக்கொண்டேன். ரேகை திரும்பிவிட்டது, மரமரப்பு முழுசாகப் போகவில்லை. காது பெரிதான ஊசியில் தைக்கிறேன். ஊக்கு வைப்பதை மட்டும் பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துக்கொள்கிறாள்.