கொத்த வராத கோழி

கோழியைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கடைசி ஆளாகத்தான் நிற்பார்கள். மாடும் ஆடும் காத்திருக்கும் இடத்தில், ஒற்றைக் கோழிக்காக மருத்துவரின் நேரத்தைக் கேட்க அவர்களுக்குக் கூச்சம். "ஒரு கோழிக்குப் போயி இத்தனை பாடான்னு வீட்டுல வைறாங்க டாக்டரம்மா" என்று சொல்லிக்கொண்டே கூடையின் துணியை விலக்குவார்கள். அந்தக் கூச்சத்தாலேயே ஒரு நாள் தள்ளிப்போயிருக்கும். முட்டை சிக்கிக்கொண்ட கோழிக்கு அந்த ஒரு நாள்தான் உயிர்.

கோவையைச் சுற்றியுள்ள ஊர்களில் வேலை பார்ப்பதால் கோழி வளர்க்கும் வீடுகள் எனக்குப் பழக்கம். முன்பெல்லாம் பண்டிகைக்கும் விருந்தாளிக்கும் வளர்த்தார்கள். இப்போது மொட்டை மாடியிலும் கார் நிறுத்தும் இடத்திலும் இரண்டு மூன்று கோழிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வளர்க்கிறார்கள். இவர்களிடம் ஒரு பெரிய வசதி உண்டு. தங்கள் கோழியைத் தினமும் பார்க்கிறார்கள். அதனால் கோழியைத் தொடுவதற்கு முன்பே கேள்விகளை ஆரம்பித்துவிடுவேன். கடைசியாக எப்போது முட்டை வைத்தது, ஓடு எப்படி இருந்தது, இன்று எச்சம் போட்டதா, கூட்டுக்குள் எத்தனை தடவை போய் வந்தது? பாதி நோய் இந்தப் பதில்களிலேயே தெரிந்துவிடும்.

கோழிக்கு இடப்பக்கச் சினைப்பை மட்டும்தான் வேலை செய்கிறது. மஞ்சள் கரு அங்கிருந்து கிளம்பி முழு முட்டையாக வெளியே வர 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. அதில் சுமார் 20 மணி நேரம் ஓடு உருவாகும் இடத்திலேயே போய்விடும். ஓடு முடிந்த பிறகு வெளியேறுவது சில நிமிட வேலை. அந்தச் சில நிமிடம் மணிக்கணக்காக நீண்டால் முட்டை அடைத்துக்கொண்டது என்று பொருள். எச்சமும் அதே வாசல் வழியாகத்தான் வர வேண்டும் என்பதால் அதுவும் நின்றுபோகிறது. இடுப்பு நரம்புகள் அழுந்தி, கால் தள்ளாடுகிறது. "கால்ல வாதம் வந்துருச்சுங்க" என்று கொண்டுவரப்பட்ட கோழிகளில் சிலவற்றுக்குக் காலில் ஒன்றுமே இல்லை, வயிற்றில் முட்டை இருந்தது.

ஆனால் அதிகமாக ஏமாற்றுவது அடைக்கோழித் தோற்றம்தான். கோழி மூலையில் உட்கார்ந்திருக்கிறது, இறகைச் சிலுப்பிக்கொண்டிருக்கிறது, தீனிக்கு வரவில்லை. அடைக்கு உட்கார்ந்துவிட்டது என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். வித்தியாசம் தெரிந்துகொள்ளக் கையை நீட்டினால் போதும். அடைக்கோழி கிர்ரென்று கத்திக்கொண்டு கொத்த வரும். கண் தெளிவாக இருக்கும். நாளுக்கு ஓரிரு முறை எழுந்துபோய் நாற்றமடிக்கும் பெரிய எச்சமாகப் போட்டுவிட்டு வரும். முட்டை சிக்கிய கோழி கொத்தாது. கண்ணைப் பாதி மூடியிருக்கும். உட்காரும், எழும், மறுபடி உட்காரும். நிற்கும்போது உடம்பை நிமிர்த்தி வாலைத் தொங்கவிடும். மூச்சுக்கு மூச்சு அந்த வால் மேலும் கீழும் ஆடும்.

ஒரு பாட்டி கொண்டுவந்த சிறுவிடை நாட்டுக்கோழி நன்றாக நினைவிருக்கிறது. "அடைக்கு உக்காந்திருக்குதுன்னு நெனச்சனுங்க" என்றார். இதுவரை எத்தனை முட்டை வைத்திருக்கும் என்று கேட்டேன். மூன்று நான்கு இருக்கும் என்றார். நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை வைத்து முடித்த பிறகுதான் அடைக்கு வரும். நாலு முட்டை வைத்த வெடக்கோழி ஏன் அடைக்கு உட்காரப் போகிறது? இடுப்பில் அணைத்துப் பிடித்துக்கொண்டு, கால்களுக்கு நடுவே உள்ளங்கையை மெதுவாக வைத்துப் பார்த்தேன். கெட்டியாக, உருண்டையாக முட்டை தட்டுப்பட்டது. வாசலுக்கு இரு பக்கமும் இருக்கும் இடுப்பெலும்பு முனைகளுக்கு நடுவே இரண்டு விரல்கூடத் தாராளமாகப் போகவில்லை. நன்றாக முட்டையிடும் கோழிக்கு அந்த இடைவெளி இரண்டு மூன்று விரல் இருக்கும். வாசலைச் சுற்றியிருந்த இறகுகள் வெள்ளையாக ஒட்டிக் காய்ந்திருந்தன.

கால்சியம் ஊசி போட்டேன். முட்டைக்குழாய் சுருங்கித் தள்ளுவதற்குக் கால்சியம் வேண்டும், அது குறைந்தால் கோழி முக்கினாலும் முட்டை நகராது. பிறகு அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி, வயிறு முழுவதும் மூழ்கும்படி இருபது நிமிடம் பிடித்திருந்தோம். கோழியின் உடல் சூடே 41 டிகிரி செல்சியஸை ஒட்டி இருப்பதால், ஆறிய நீரில் உட்கார வைத்தால் அது குளிரில்தான் நடுங்கும். அதனால் நடுநடுவே சுடுநீர் சேர்க்க வேண்டியிருந்தது. துவட்டி, வாசலில் வழுக்கும் ஜெல் தடவி, அட்டைப்பெட்டிக்குள் விட்டு, மேலே குண்டு பல்பை எரியவிட்டுத் துணியால் மூடினோம். நான் அடுத்த மாட்டைப் பார்க்கப் போய்விட்டேன். கோழிக்கு அப்போது தேவை இருட்டும் சூடும் தனிமையும். நாலு பேர் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தால் அது தசையை இறுக்கிக்கொண்டேதான் இருக்கும்.

ஒரு மணி நேரம் கழித்து உதவியாளர் கூப்பிட்டார். முட்டை கிடந்தது. ஒரு முனை சொரசொரப்பாக, மேலே ரத்தக் கீற்றோடு. பக்கத்தில் அடக்கி வைத்திருந்த எச்சமெல்லாம் ஒரு குவியல். கோழி பெட்டியின் விளிம்பில் தலையை நீட்டித் தீனி தேடிக்கொண்டிருந்தது. பாட்டி முட்டையை விட்டுவிட்டு அந்த எச்சத்தைத்தான் முதலில் பார்த்துச் சிரித்தார். கோழி பிழைத்துவிட்டது என்று அவருக்கு அதிலேயே புரிந்துவிட்டது.

எல்லாம் இப்படி முடிவதில்லை. வீட்டிலேயே வயிற்றைப் பிதுக்கிவிட்டு வருவார்கள். உள்ளே முட்டை உடைந்தால் ஓட்டுத் துண்டுகள் முட்டைக்குழாயைக் கீறி, சீழ் பிடிக்கும். வாயில் விளக்கெண்ணெய் ஊற்றுகிறவர்களும் உண்டு. வாயில் ஊற்றும் எண்ணெய் குடலுக்குத்தான் போகும், முட்டைக்குழாய்க்குப் போகாது. தவறி மூச்சுக்குழாயில் இறங்கினால் கோழி அதனாலேயே சாகும். மாட்டுக்கு வாங்கிய, தசையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசினை எடுத்து ஊசி போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். வழி அடைபட்டிருக்கும்போது அந்த மருந்து முட்டைக்குழாயையே கிழித்துவிடும். வீட்டில் செய்யத்தக்கது வெதுவெதுப்பான நீரும் இருட்டறையும்தான். ஓரிரு மணி நேரத்தில் முட்டை வரவில்லை என்றால் கிளம்பி வந்துவிட வேண்டும். வண்டி வசதி இல்லாதவர்கள் கால்நடை உதவிக்கான 1962 எண்ணுக்குப் பேசி யோசனையாவது கேட்கலாம். முட்டை வாசலில் தெரிந்தும் வெளியே வராவிட்டால், ஊசியால் உள்ளிருப்பதை உறிஞ்சி ஓட்டைச் சுருக்கி எடுக்க எங்களால் முடியும்.

வயிறு தண்ணீர் பை போலத் தளதளவென்று தொங்கினால் அது வேறு கதை. மஞ்சள் கரு குழாய்க்குள் விழாமல் வயிற்றுக்குள் விழுந்து, கிருமி சேர்ந்து அழுகியிருக்கும். நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் கழித்த, முட்டைக்காகவே வளர்க்கும் லேயர் கோழிகளை மனமிரங்கி வாங்கி வளர்க்கிறவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். வருடத்துக்கு முந்நூறு முட்டை வைத்து ஓய்ந்த உடம்பு அது. நீரை எடுத்து, மருந்து கொடுத்துச் சில மாதம் நிம்மதியாக வைத்திருக்கலாம். முழுக்கக் குணமாகும் என்று நான் வாக்குக் கொடுப்பதில்லை. அந்த மருந்து நாட்களில் முட்டை வந்தாலும் மருத்துவர் சொல்லும் காலம்வரை சாப்பிடக் கூடாது.

அடி தள்ளி, சிவந்த சதை வெளியே தெரிந்தால் உடனே மற்றக் கோழிகளிடமிருந்து பிரித்துவிடுங்கள். சிவப்பைக் கண்டால் அவை கொத்தியே குடலை இழுத்துவிடும். சுத்தமான வெதுவெதுப்பான நீரில் கழுவி, மேலே சர்க்கரை தூவினால் வீக்கம் வடியும். மற்றதை எங்களிடம் விடுங்கள்.

இவ்வளவுக்கும் அடியில் இருப்பது தீனி. ஒரு முட்டையின் ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் போகிறது. சோறும் நொய்யும் கம்பும் மட்டும் தின்கிற கோழி அதைத் தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. முறுக்கும் பிஸ்கட்டும் போட்டால் கொழுப்பு சேர்ந்து வழியும் குறுகுகிறது. லேயர் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் கால்சியம் இருக்கும். அதை வாங்க முடியாவிட்டால் உடைத்த கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், கோழி தனக்கு வேண்டிய அளவு தானே எடுத்துக்கொள்ளும். மாலையில் வைப்பது நல்லது, ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது. வெயில் படாத கூண்டில் இருந்தால் வைட்டமின் டி இல்லாமல் இந்தக் கால்சியமும் உடம்பில் சேராது. ஆனால் வெயிலில் நிழலே இல்லாமல் விடவும் கூடாது. சித்திரை வெயிலில் வாயைத் திறந்து மூச்சிரைக்கும் கோழிக்கு ரத்தத்தில் ஓடு கட்டும் சத்து குறைந்து, ஓடு கெட்டிப்படாத தோல்முட்டை வரும். தோல்முட்டை வழுக்கிக்கொண்டு வராது, குழாயால் அதைப் பிடித்துத் தள்ள முடியாமல் அதுவும் சிக்கும்.

ஒரு விஷயத்தில் நான் பலரோடு வாதாடுகிறேன். அடைக்கு வந்த கோழியைத் தண்ணீரில் முக்குவது, மூக்கில் இறகு குத்துவது என்று அதன் அடையைத் தெளிய வைக்கிறார்கள், சீக்கிரம் மறுபடி முட்டை வர வேண்டும் என்று. அடை இருக்கும் நாட்களில் முட்டைக்குழாய் சுருங்கி ஓய்வெடுக்கிறது. ஒருமுறை முட்டை சிக்கிய கோழிக்கு அதைவிட நல்ல மருந்து என்னிடம் இல்லை. தீனியும் தண்ணீரும் பக்கத்தில் வைத்து, தினம் ஒருமுறை எழுப்பிவிட்டு, உட்காரட்டும் என்று விட்டுவிடுங்கள் என்கிறேன். "முட்டை கொறஞ்சு போகுமுங்களே?" என்று பாட்டியும் கேட்டார். குறையும்தான், குறையட்டும் பாட்டி என்றேன்.