கொலரூன்

ஆசியவியல் துறையின் மதிய உணவுப் பேச்சு என்று அறிவிப்பில் பார்த்ததும், காலையில் ஒரு வாய் காபியோடு கிளம்பிவிட்டேன். சாப்பாட்டு நேரத்துக்குக் கூப்பிட்டால் இலை போடாமலா விடுவார்கள்? அமெரிக்காவில் விடுவார்கள். ‘பிரவுன் பேக்’ என்றால் அவரவர் சோற்றை அவரவரே கட்டிக்கொண்டு வர வேண்டுமாம். பேசுகிறவர் எதிரிலேயே எல்லோரும் பையைப் பிரித்து ஆப்பிளைக் கடித்தார்கள். நான் பேனாவைக் கடித்தேன்.

சரி, பசி போகட்டும். அன்றைய பேச்சு காவிரிப் பாசனம். ‘கிராண்ட் அனிகட்’ கல்லணைதான் என்று படத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். அப்புறம் ‘கொலரூன், கொலரூன்’ என்று ஓர் ஆறு வந்தது. காவிரித் தண்ணீரை அதுவே இழுத்துக்கொண்டு போனதாம். அதைத் தடுக்க ஆர்தர் காட்டன் 1836இல் ‘அப்பர் அனிகட்’ கட்டினாராம். ஆந்திரா பக்கத்து ஆறு போலிருக்கிறது என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். திரையில் அடுத்த படம், எங்கள் அணைக்கரைக் கீழணை.

கொள்ளிடம்! நான் நீச்சல் பழகிய ஆறு! வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்று பாட்டி சொன்ன ஆறு!

கையைத் தூக்கிப் பெயரைச் சொன்னேன். பேராசிரியர் நல்ல மனுஷர், பணிவாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்: “கொல்லிடம்.” முதலை கிடக்கும் அணைக்கரையில் பிறந்தவன், அதைத் திருத்த மனம் வரவில்லை.

ராத்திரி அம்மாவிடம் போனில் சொன்னால், “கூப்புட்டு வச்சு சோறு போடாதவங்க, நம்ம ஆத்துக்குப் பேரு வேற வைக்கிறாங்களா?” என்றாள்.

இப்போது பழகிவிட்டது. நானும் டப்பாவில் புளிசாதம் கட்டிக்கொண்டு போகிறேன், பேச்சு நடக்கும்போதே தின்கிறேன். ஆடிப்பெருக்குக்குப் படித்துறையில் அம்மா பிசைந்து உருட்டிக் கொடுப்பாளே, அந்தக் கெட்டிப் புளிசாதம் மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. தண்ணீர் வராத வருடங்களில் காதோலை கருகமணியை அடிபம்புக்கு முன்னால் வைத்துப் படைப்போம். அப்போதும் புளிசாதம் உண்டு. குழாயடியில் உட்கார்ந்து ஆற்றங்கரைச் சோறு தின்போம்.

போன வாரம் ஜப்பானியத் தோட்டங்கள் பற்றிய பேச்சு. நல்ல பேச்சுதான். பாதியில் மேசைக்கடியில் கைப்பேசியை வைத்து மேட்டூர் நீர்மட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். 120 அடி நிரம்பினால்தான் உபரித் தண்ணீர் கொள்ளிடத்துக்குத் திரும்பும்.

118. இன்னும் இரண்டடி.