அங்க அடையாளம்: பால்டிமோர் நாட்குறிப்பு, 2024

ஏப்ரல் 9

குடியுரிமை உறுதிமொழிக்கு அழைக்கும் கடிதம் வரவில்லை. தபால் பெட்டியில் பல் ஆஸ்பத்திரி விளம்பரம் மட்டும்.

ஏப்ரல் 12

வேலை முடிந்து மெக்ஹென்றி கோட்டைப் பக்கம் நடக்கப் போனேன். கரையோரம் நின்றால், போன மாதம் கப்பல் மோதி இடிந்த பாலம் இருந்த இடம் தெரிகிறது. இரும்புச் சட்டங்கள் முறிந்து தண்ணீரில் கிடக்க, கப்பல் அப்படியே நிற்கிறது. ஆறு பேர் போய்விட்டார்கள், நடுராத்திரியில் பாலத்து ரோட்டில் குழி அடைத்துக்கொண்டிருந்தவர்கள். கப்பலில் இருக்கும் 21 பேரும் இன்னும் இறங்கவில்லை. 20 பேர் நம்மவர்கள், ஒருவர் இலங்கைக்காரர். அவ்வளவு தூரத்தில் ஆள் தெரியாது. ஆனாலும் இருட்டும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

இரவு அப்பாவிடம் சொன்னேன். "அவங்களுக்குச் சாப்பாடெல்லாம் ஒழுங்கா கொடுக்கிறாங்களாம்மா?" என்றார். குரல் கம்மியிருக்கிறது. தம்பியைக் கேட்டால் "ஒண்ணுமில்லக்கா, வெயில்" என்கிறான்.

ஏப்ரல் 15

மாலுமிகள் என்றதிலிருந்து ஒரே நினைப்பு. 1796-இல் அமெரிக்க காங்கிரஸ் மாலுமிகளுக்கு ஒரு சான்றிதழ் தரச் சட்டம் போட்டது. கட்டணம் 25 சென்ட். சுங்க அதிகாரி எழுதித் தருவார்: பெயர், வயது, உயரம், நிறம், எங்கே தழும்பு, எங்கே பச்சை குத்தியிருக்கிறது. இந்த அடையாளங்கள் உள்ளவன் அமெரிக்கக் குடிமகன். நடுக்கடலில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் மறித்து ஆள் பிடிக்க வந்தால் அந்தத் தாளை நீட்ட வேண்டும்.

அப்போது பிரிட்டனுக்குப் பிரான்சோடு ஓயாத சண்டை. பிரிட்டிஷ் கடற்படைக்கு ஆள் பற்றவில்லை. சம்பளம் அதிகம் என்று அவர்களுடைய மாலுமிகளே அமெரிக்கக் கப்பல்களுக்கு ஓடிவந்துகொண்டிருந்தார்கள். இரண்டு பேருமே ஆங்கிலம் பேசும்போது எவன் எந்த நாட்டுக்காரன் என்று முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? பிரிட்டன் சொன்னது ஒன்றுதான்: ராஜாவின் மண்ணில் பிறந்தவன் சாகும்வரை ராஜாவின் ஆள், வேறு நாடு குடியுரிமை கொடுத்தாலும் அது மாறாது. அப்படிப் பிடித்துக்கொண்டு போனவர்கள் 6,000-க்கும் மேல் என்பது 1812-இல் அமெரிக்க அரசு காட்டிய கணக்கு.

1807-இல் செசபீக் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலையே லெப்பர்டு என்ற பிரிட்டிஷ் கப்பல் சுட்டு நிறுத்தியது. நான்கு பேரை இழுத்துக்கொண்டு போனார்கள். ஒருவன் பிரிட்டிஷ்காரன், தூக்கில் போட்டார்கள். மற்ற மூவரும் அமெரிக்கர்கள். அதில் ஒருவன் அங்கேயே செத்துப்போனான். மிஞ்சிய இருவரை 1812-இல் செசபீக்கிலேயே கொண்டுவந்து விட்டபோது அமெரிக்கா பிரிட்டன்மேல் போர் ஏற்கெனவே அறிவித்தாகிவிட்டது. ஐந்து வருஷம். அவர்கள் வீட்டில் யார் உயிரோடு இருந்தார்கள்?

என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். வலது புருவத்துக்கு மேல் ஒரு மச்சம், இடது முழங்கையில் ஒரு தழும்பு. அப்பாவின் கையெழுத்து. அவர் வேலை பார்த்த பள்ளியிலேயே நான் படித்ததால் அவரே எழுதினார், ஹீரோ பேனாவில். "தழும்பு எங்கேம்மா, காட்டு" என்று எல்லார் முன்னாலும் கேட்டார், தெரியாதவர் மாதிரி. சைக்கிளிலிருந்து என்னைத் தவறவிட்டதே அவர்தான். குடியுரிமை விண்ணப்பத்தில் உயரம், எடை, கண் நிறம், முடி நிறம் கேட்டார்கள். தழும்பைக் கேட்கவில்லை.

ஏப்ரல் 16

வரவில்லை.

ஏப்ரல் 21

வெயில் இல்லை. நுரையீரலில் நீர். அப்பாவைச் சேர்த்து நாலு நாள் ஆகிறது, எனக்கு இன்றைக்குத்தான் சொல்கிறார்கள். தம்பியிடம் கத்திவிட்டேன்.

ஏப்ரல் 24

அப்பா பேசினார். மூச்சு வாங்கிக்கொண்டு அந்த வாணத்தைப் பற்றித்தான் பேசினார். காஞ்சிபுரத்திலிருந்து புள்ளலூருக்கு என்னைப் பின்னால் உட்காரவைத்து சைக்கிள் மிதித்துக்கொண்டு போவார். வெறும் வயல்தான். 1780 செப்டம்பரில் ஹைதர் அலியின் படை அங்கே கும்பினிப் படையை நொறுக்கியது, இரும்புக் குழாயில் மருந்து அடைத்த வாணங்களோடு. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு அந்த வாணங்கள் இங்கிலாந்துக்குப் போக, அதைப் பார்த்து காங்கிரீவ் தன் ராக்கெட்டைச் செய்தார். 1814 ஆகஸ்ட் 24-ஆம் தேதி வாஷிங்டனுக்குப் பக்கத்தில் பிளேடன்ஸ்பர்க்கில், பிரிட்டிஷார் ஏவிய அந்த ராக்கெட்டுகள் தலைக்கு மேல் சீறியதும் அமெரிக்க ஊர்ப்படை சிதறி ஓடியது. அன்று இரவே வாஷிங்டனில் ஜனாதிபதி மாளிகை எரிந்தது. மூன்று வாரம் கழித்து இங்கே, இந்த மெக்ஹென்றி கோட்டைமேல், 25 மணி நேரம் தாக்குதல்.

"நம்ம ஊர் வாணம்மா அது" என்று அப்பா இங்கே வந்திருந்தபோது கோட்டைச் சுவரைத் தடவிப் பார்த்தார். அந்த ராக்கெட்டின் படம் ஒன்று வேண்டுமாம், பெரியதாக.

ஏப்ரல் 25

தூங்கவில்லை. உறுதிமொழி எடுத்த நாளோடு இந்தியப் பாஸ்போர்ட் போய்விடும். அமெரிக்கப் பாஸ்போர்ட் கைக்கு வரச் சில வாரங்கள், அப்புறம் விசா. அந்த இடைவெளியில் எதுவும் ஆகிவிடக் கூடாது. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மே 4

பிராட் தெருவில் மேரி பிக்கர்ஸ்கில் வீட்டுக்குப் போனேன். கோட்டைக் கொடியைத் தைத்தவர். 30 அடிக்கு 42 அடி. வீட்டில் விரிக்க இடம் இல்லாமல் பக்கத்து பீர் ஆலையின் தரையில் விரித்துத் தைத்தார்கள். ஒரு நட்சத்திரம் இரண்டடி அகலம். வாசலில் போடுகிற சின்னக் கோலம் அளவு. மண்டியிட்டுத் தைத்தவர்களில் கிரேஸ் விஷரும் உண்டு. கறுப்பினச் சிறுமி, ஒப்பந்த வேலைக்காரி, 13 வயது. அவளுடைய விரல்களைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

அதே போரில் சுமார் 4,000 அடிமைகள் தப்பி பிரிட்டிஷ் பக்கம் போனார்கள். அவர்களுக்கு விடுதலை எதிரியின் கப்பலில் இருந்தது. தெற்கே, 1814 ஆகஸ்டில் அமெரிக்கத் தளபதி ஜாக்சன் கிரீக் என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து எழுதி வாங்கிய நிலம் இரண்டு கோடி ஏக்கருக்கும் மேல். அவரோடு சேர்ந்து சண்டை போட்ட கிரீக்குகளின் நிலமும் அதில் போயிற்று. இந்தப் போரில்தான் அமெரிக்கா ஒரு தேசமானது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அதை எழுதும் அதே பக்கத்தில் இதையும் எழுத வேண்டும்.

மே 8

கடிதம் வந்துவிட்டது. ஜூன் 7.

மே 9

அப்பாவிடம் சொன்னேன். "நல்லது கண்ணு" என்றார். அதற்கு மேல் பேச மூச்சு இல்லை.

உறுதிமொழியைச் சத்தமாகப் படித்துப் பார்த்தேன். அந்நிய மன்னருக்கும் நாட்டுக்கும் உள்ள விசுவாசத்தை முழுமையாகத் துறக்கிறேன் என்கிற வாசகம் 1795 சட்டத்திலேயே இருக்கிறது. அப்போது ஐந்து வருஷம் வசித்திருந்தால் போதும். பிரான்சோடு உரசல் முற்றியதும் 1798-இல் அதை 14 வருஷமாக்கினார்கள். 1802-இல் மறுபடி ஐந்து. வெளியே எங்கோ ஒரு கடலில் சண்டை வந்தால் இங்கே காத்திருப்பவனுக்கு ஒன்பது வருஷம் கூடிவிடுகிறது. அதுவும் வெள்ளையனாக இருந்தால்தான். நான் அந்த வரிசையிலேயே நின்றிருக்க முடியாது.

மே 13

பாலத்தின் சட்டத்தை இன்று வெடி வைத்துத் துண்டித்தார்கள். அந்த 21 பேரும் கப்பலுக்குள்ளேயே இருந்தார்கள்.

மே 17

அந்தப் போரை முடித்த கெண்ட் உடன்படிக்கை, 1814 டிசம்பர் 24. எல்லைகள் போருக்கு முன் இருந்தபடியே. மாலுமிகளைப் பிடித்துப்போவது பற்றி ஒரு வரிகூட இல்லை. நெப்போலியன் வீழ்ந்து கடற்படைக்கு ஆள் தேவை குறைந்ததும் அந்த வழக்கம் தானாக நின்றது. இரண்டரை வருஷம் சண்டை போட்டவர்கள் இதை எப்படிப் படித்திருப்பார்கள்? ஊரெல்லாம் மணி அடித்துக் கொண்டாடியிருக்கிறார்கள். எனக்கு ஆறவில்லை.

மே 20

காலையில் கப்பலை இழுத்துக்கொண்டு போனார்கள். அப்பாவை மறுபடி ஐ.சி.யூ.வில் சேர்த்திருக்கிறார்கள்.

மே 21

உறுதிமொழியைத் தள்ளிவைக்கச் சொல்லி எழுதிவிட்டேன். காரணம் எழுதும்போது முதலில் "அப்பா" என்று மட்டும் எழுதினேன். அப்புறம் அடித்துவிட்டு ஒழுங்காக எழுதினேன்.

மே 22

பாஸ்போர்ட் 2027 வரை செல்லும். நூலகத்தில் ஒரு புத்தகத்திலிருந்து ராக்கெட் படத்தை எடுத்துப் பெரிதாக அச்சடித்தாயிற்று. ஐ.சி.யூ.வுக்குள் தாள் கொண்டுபோக விடுவார்களா என்று தம்பியிடம் கேட்க வேண்டும். இரவு பத்து மணி விமானம்.