வன்கூடும் அக்காவின் பிள்ளையும்: இரண்டாம் தடவை எழுதியவளின் குறிப்பு

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்து பதினோரு நாள். உயிரியல் ‘ஏ’, இரசாயனவியல் ‘பி’, பௌதிகவியல் ‘சி’. முதல் தடவை உயிரியலுக்கு ‘எஸ்’, வெறும் சித்தி. கொழும்பில் இருக்கும் மாமா மகன் வாழ்த்துச் சொல்லிவிட்டு, “நுவரெலியா மாவட்டம்தானே, பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி குறைவு, உனக்குப் பயமில்லை” என்றும் ஒன்று சேர்த்துவிட்டான். ஒன்றரை வருடம் உயிரியலுக்கு ஆசிரியரே இல்லாத பாடசாலையில் அவன் ஒரு தவணை படித்துப் பார்க்கட்டும்.

சரி, அதை விடுங்கள். ‘எஸ்’ எப்படி ‘ஏ’ ஆனது என்று தேயிலைத் தோட்டத்துத் தங்கச்சிமார் கேட்கிறார்கள். முழுப் பாடத்துக்கும் எழுத எனக்குப் பொறுமை இல்லை. வன்கூடு, அதாவது எலும்புக்கூடு, அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். என்னைக் கவிழ்த்ததும் அதுதான், தூக்கிவிட்டதும் அதுதான்.

முதல் தடவை நான் எண்ணிக்கையைத்தான் பாடமாக்கினேன். லயத்து வீட்டு வாசலில் நின்றுகொண்டு, எலும்பு மொத்தம் 206, தலையிலும் நடு உடலிலும் 80, மற்றவை 126 என்று மந்திரம் மாதிரி. அதிலும் ஒரு கூத்து நடந்தது. எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு பிளாஸ்டிக் வன்கூடு தொங்கியது. அதன் நாரிப் பகுதியில், அதாவது கீழ்முதுகில், ஒரு முள்ளந்தண்டென்பு எப்போதோ தொலைந்துபோய், யாரோ மேலையும் கீழையும் கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். தொட்டு எண்ணினால் நாலு. புத்தகத்தில் 5 என்று வாசித்த பிறகும், விரலால் தொட்ட நாலுதான் மண்டையில் நின்றது. பரீட்சையிலும் நாலு என்றே எழுதினேன்.

அதைவிடப் பெரிய பிழை வேறு. நிமிர்ந்து நிற்பதற்கு வன்கூடு எப்படி இசைவாகியிருக்கிறது என்பது கேள்வி. நான் இரண்டு பக்கத்துக்கு என்புகளின் பெயரை எழுதிவிட்டு எழும்பி வந்தேன். ஓரிடத்திலாவது “இதனால்” என்ற சொல் இல்லை.

பரீட்சை முடிந்த அடுத்த வாரமே அக்காவுக்குப் பிள்ளை கிடைத்தது. அக்கா எங்கள் வீட்டில்தான் இருந்தாள். பெறுபேறு வந்து அழுது முடித்தபின், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டுதான் திரும்பப் படிக்கத் தொடங்கினேன். எண்ணெய் தேய்க்கும்போது உச்சிக்குழிப் பக்கம் என் விரல் போனால் அம்மா கையைத் தட்டிவிடுவார். “அங்க அழுத்தாதடி, உசுரு துடிக்கிற எடம்.” உண்மையாகவே துடித்தது. தோலுக்கு அடியில் மெல்ல எழும்பி எழும்பி இறங்கியது.

இந்த ஓட்டை ஏன் இருக்கிறது என்று அன்றுதான் யோசித்தேன். இரண்டு காலில் நடப்பதற்காக இடுப்பு வளையத்தின் அமைப்பு மாறியது. பிறகு மூளை பெருத்தது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டது பிரசவம். மண்டையோட்டுத் தட்டுகள் ஒட்டாமல் இருப்பதால்தான் வரும் வழியில் ஒன்றின்மேல் ஒன்று சற்று ஏறிக்கொடுத்து தலை வெளியே வருகிறது. பின் உச்சிக்குழி 2, 3 மாதத்தில் மூடும். முன்னது மூட ஒன்றரை வயது வரை ஆகலாம். இதை நான் கொப்பியில் எழுதவே இல்லை, இன்றுவரை மறக்கவும் இல்லை.

முள்ளந்தண்டும் அப்படித்தான். பிறந்தபோது அவன் முதுகு பிறை போல ஒரே வளைவு. அதில் அடங்கிய மார்பு வளைவும், நாரிக்குக் கீழே உள்ள திருவென்பு வளைவும் பிறக்கும்போதே இருப்பவை. மூன்றாம் மாதம் குப்புறக் கிடந்து தலையைத் தூக்கிப் பார்த்தான். அது கழுத்து வளைவு. நான் இரண்டாம் தடவை எழுதப் போகும் வாரம் தண்ணீர்ப் பானையைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றான். பிள்ளை எழும்பி நின்று நடை பழகும்போது வருவதுதான் நாரி வளைவு. எது முதலில், எது பிறகு என்று பல்தேர்வில் கேட்டால் நான் புத்தகத்தை நினைப்பதில்லை, அவனைத்தான் நினைப்பேன்.

இனி என் ஒரே தந்திரம். இதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டாலும் பரவாயில்லை.

அம்மா கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறுகிறவர். ஒருநாள் கேட்டேன், “இந்தப் பாரமெல்லாம் எங்கம்மா போகுது?” திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார், “எங்க போகும், குதிகாலுக்குத்தான்.” அன்றிரவு கொப்பியில் தலையிலிருந்து குதிகால் வரை ஒரு கோடு போட்டேன். பாரம் இறங்கும் கோடு. விடையை அந்தக் கோட்டின் வழியே எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் “இதனால்” இருக்க வேண்டும்.

- முண்ணாண் (முதுகுத்தண்டு நரம்பு வடம்) நுழையும் பெரிய துவாரம் மண்டையோட்டின் அடியில் இருக்கிறது. இதனால் தலை கழுத்தின்மேல் சமநிலையாக உட்காரும். சிம்பன்சிக்கு அது பின்தள்ளி இருக்கும்.
- முள்ளந்தண்டில் நான்கு வளைவு. இதனால் நடக்கும்போது வரும் அதிர்ச்சி தலைக்குப் போகுமுன் அடங்கும்.
- முள்ளந்தண்டென்புகளின் உடல் கீழே போகப் போகப் பெரிதாகும். இதனால் சேர்ந்துகொண்டே வரும் பாரத்தை நாரி தாங்கும்.
- இடுப்பு வளையம் குட்டை, அகலம், கிண்ண வடிவம். இதனால் உள்ளுறுப்புகளின் பாரம் கால்களுக்கு இறங்கும்.
- தொடையென்பு உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். இதனால் ஒரு காலைத் தூக்கும் கணத்திலும் மற்றக் கால் உடலுக்கு நேர்கீழே இருக்கும்.
- பாதத்தில் வில். பெருவிரல் மற்ற விரல்களோடு ஒரே வரிசையில். இதனால் அது பிடிக்க உதவாது, உந்த உதவும்.

எண்ணிக்கையைக் கூட்டிப் படியுங்கள், தனித்தனியாக வேண்டாம். மண்டையோடு 22, செவிச்சிற்றென்பு 6, நாவடி என்பு 1, முள்ளந்தண்டு 26, விலாவும் மார்பென்பும் 25. கூட்டினால் தலைக்கும் நடு உடலுக்குமான அந்த 80 வரவேண்டும். வராவிட்டால் ஒன்றை விட்டுவிட்டீர்கள், என் ஆய்வுகூடத்து வன்கூடு மாதிரி. காறை என்பு (கழுத்துப்பட்டை எலும்பு) என்பாகத் தொடங்குவதில் முதல், முடிவதில் கடைசி. பிறக்கும்போது முழங்காற் சில்லு கசியிழையம், அதாவது குருத்தெலும்புதான். இவ்வளவு போதும்.

கூர்ப்பை (பரிணாமத்தை) வாசித்ததில் எனக்குக் கிடைத்தது ஒரு வரிசை. 1974இல் எத்தியோப்பியாவின் ஹடாரில் கிடைத்த லூசி என்ற ஆதி மனித இனப் பெண் ஏறத்தாழ 32 இலட்சம் வருடப் பழையவள். அவள் வன்கூட்டில் சுமார் 40 வீதம் கிடைத்தது. இடுப்பும் முழங்காலும் நிமிர்ந்து நடந்தவளுடையவை, மூளையோ சிம்பன்சி அளவுதான். தான்சானியாவின் லயெட்டோலியில் சாம்பலில் பதிந்த காலடிகள் அவளுக்கும் முந்தியவை. நடைதான் முதலில், மூளை பிறகு. அதுவரை நான் தலைகீழாக நினைத்திருந்தேன். ஆனால் லூசியை விடைத்தாளில் எழுதாதீர்கள், ஒரு புள்ளியும் கிடையாது. எழுதி நேரத்தை வீணாக்கியது நான்தான், மாதிரிப் பரீட்சையில்.

ஹட்டனிலிருந்து கொழும்பு போகும் வழியில் கித்துல்கலவில் பெலிலென குகை இருக்கிறது. பலாங்கொடை மனிதன் என்கிறார்களே, அந்தக் கற்கால மனிதரின் என்புகள் அங்கும் கிடைத்திருக்கின்றன. எத்தனை தரம் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே அந்த ஊரைக் கடந்திருக்கிறேன்!

வேறு ஆலோசனை கேட்டால், குழுவாகச் சேர்ந்து படிக்காதீர்கள் என்பேன். கதைதான் நடக்கும். அம்மா பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, கிளம்ப எழும்பும் நேரத்தில் எழும்பிப் படித்தேன், எனக்கு அது சரிவந்தது. இரவில் விழிக்கிறவர்கள் விழித்துக்கொள்ளுங்கள்.

கோடு போட்ட கொப்பி இப்போது மேல் லயத்துத் தங்கச்சியிடம் இருக்கிறது. வேண்டுமானால் அவளிடம் வாங்கிப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பௌதிகவியலைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்டுவிடாதீர்கள்.