பக்கச்சார்பற்ற கணக்காய்வாளர்

செப்டெம்பர் 1, பி.டி.எஸ். என்ற கொரியப் பாட்டுக் குழுவின் ஜங்குக்குக்குப் பிறந்தநாள். பிறந்தநாள்காரர் கொரியாவில், இணையத்தில் மட்டும் பழகிய ரசிகர் குழு ஒன்று கேக் வெட்டுவது கொழும்பு பம்பலப்பிட்டியில். மாப்பிள்ளை இல்லாத இந்தக் கல்யாணத்துக்கு மருமகளைக் கூட்டிப்போகும் பொறுப்பு தாய்மாமனான என் தலையில் விழுந்தது. “வருகிறவர்கள் யார் எவர் என்று தெரியாது, நீயும் கூடப் போ” என்றாள் அக்கா.

மருமகள் யார் எவர் என்பதே அந்த ரசிகர் குழுவுக்குத் தெரியாது என்பதை அக்காவிடம் நான் சொல்லவில்லை. அவளுக்கு வயது 15. இணையக் கணக்கில் பிறந்த ஆண்டு 1988. பத்து வயதில் கணக்குத் தொடங்கப் போனபோது 13 ஆகியிருக்க வேண்டும் என்று தடுத்ததாம். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சிறுவர் இணையத் தனியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் கைங்கரியம். மூன்று வருடம் பின்னால் தள்ளியிருந்தால் போதும். அவசரத்தில் விரலால் பலமாக உருட்டிவிட்டாள். இப்போது பிள்ளைக்கு முகச்சுருக்கம் போக்கும் களிம்பு விளம்பரங்களாக வந்து குவிகின்றன.

நானும் யோக்கியன் இல்லை. 2001இல், பஸ் காசை மிச்சம் பிடித்து வெள்ளவத்தை நெட் கஃபே ஒன்றில் குந்தியிருந்த 19 வயதுப் பொடியன், ரஹ்மான் ரசிகர்களின் யாகூ குழுவில் 27 வயதுப் பொறியியலாளன். வேறு வழியில்லை. இணையம் அப்போது பல்கலைக்கழகத்தாருக்கும் அலுவலகத்தாருக்கும் உரிய சொத்துப் போலத்தான் எனக்குத் தோன்றியது. இந்தக் குழுக்களுக்கெல்லாம் முன்னோடியான யூஸ்நெட் என்ற கணினிவழிக் கலந்துரையாடல் வலையமைப்பு 1980இல் தொடங்கியதே அமெரிக்காவில் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு இடையில்தான். மீசை அரும்பாதவன் என்று தெரிந்தால் பின்னணி இசையைப் பற்றிய என் அரும்பெரும் கருத்தை எவர் மதிப்பார்? 2020 டிசெம்பரில் யாகூ குழுக்களை மூடியபோது அந்தப் பொறியியலாளரும் காலமானார். கடைசிவரை அவருக்கு 27தான்.

பம்பலப்பிட்டிக் கஃபே வாசலில் ஊதாச் சட்டை போட்ட பிள்ளை ஒன்று என்னை மறித்தது. “அங்கிள், உங்கள் பயஸ் யார்?”

யார்மீது பக்கச்சார்பு என்று கேட்கிறாளாக்கும். “நான் கணக்காய்வாளன். எனக்கு எவர்மீதும் பக்கச்சார்பு கிடையாது” என்றேன். மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள். குழுவில் மிகவும் பிடித்தவரை அப்படிச் சொல்வார்களாம். ஏழு பேரின் பெயரும் தெரியாத நான் நடுநிலைமை பேசியது பெரிய தத்துவமாகிவிட்டது. பிள்ளை என் சட்டையில் ‘எழுவரும்’ என்று எழுதி ஒட்டிவிட்டாள்.

காவலுக்கு வந்தவர்களுக்கென்று மூலையில் ஒரு மேசை இருந்தது. அங்கே பருத்திச் சேலையில் அறுபதைத் தாண்டிய ஒரு அம்மாவும், போனைப் பார்த்தபடி ஒரு பையனும். நான் மரியாதையாகக் கேட்டேன்: “பேரனைக் கூட்டி வந்தீர்களா?”

பையன் தலை நிமிரவில்லை. “நான்தான் அம்மம்மாவைக் கூட்டி வந்தேன்.”

2020 ஓகஸ்டில் டைனமைட் பாட்டு வெளிவந்தபோது பேரன் காட்டினானாம். அவன் மூன்று மாதத்தில் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான், அம்மா தங்கிவிட்டார். “எனக்கு இது புதிதில்லை, தம்பி. இலங்கை வானொலிக்கு நான் எழுதாத தபாலட்டையா? பாட்டுக்கு முன் பெயரை வாசிப்பார்கள். வயதை ஒருவரும் கேட்டதில்லை” என்றார். ரோல்ஸைக் கடித்தபடி, ரசிகர் குழுவில் ஒழுங்கு பார்ப்பதும் தான்தான் என்றார். கூடாத சொல் எழுதுகிறவர்களை ஒரு வாரம் வெளியே நிறுத்துவாராம்.

மருமகளின் கையிலிருந்த கோப்பை ஆடியது. “நீங்களா நிலாக்குட்டி?”

நிலாக்குட்டியை மருமகள் பதினாறு வயதுத் தோழி என்று நம்பியிருந்தாள். வீட்டுக் கதை, பள்ளிக்கூடக் கதை எல்லாம் அங்கேதான் கொட்டியிருக்கிறாள். கணக்கு ரியூசனுக்கென்று புறப்பட்டுத் தோழி வீட்டில் நடனம் பழகியதும் அதில் அடக்கம். எனக்கே அது அப்போதுதான் தெரியும்.

“நீ முப்பது தாண்டிய பிள்ளை என்றல்லவா நினைத்தேன்,” என்றார் நிலாக்குட்டி அம்மா. “இந்த வயதில் ஏன் ரியூசன் என்று யோசித்தேன்தான். பாவம், தோற்ற பரீட்சையைத் திரும்ப எடுக்கிறாளாக்கும் என்று விட்டுவிட்டேன்.”

பிறகு மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். முப்பத்திரண்டு வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவராம்.

“அட்சரகணிதம்தானே ஓடவில்லை? சனிக்கிழமை வீட்டுக்கு வா. ஜங்குக் படம் போட்ட கொப்பி ஒன்று தருகிறேன்.”

காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மருமகள் என் சட்டையிலிருந்த ‘எழுவரும்’ சீட்டைக் கிழித்து எடுத்தாள்.

“மாமா, அந்த ரியூசன் கதையை அம்மாவிடம் சொல்வீர்களா?”

எனக்குப் பக்கச்சார்பு இல்லை என்று ஏற்கெனவே சொல்லியாயிற்றே என்றேன்.