எஃப் 8, அப்புறம் ஒரு என்டர்

"சார், அப்படி ஒரு கேள்வி திரையில் வரவே இல்லை." பட்டியலில் ஒரு வரி அழிந்துபோனது பற்றிக் கேட்டபோது, சரக்கைப் பதிவு செய்கிற ஊழியர் சொன்னது இவ்வளவுதான். "கேள்வியைப் பார்க்காம எப்படி 'ஆம்' அழுத்தினீங்க? லாக்ல இருக்கே" என்றேன். அவர் லாக்கை, அதாவது நடந்ததை நிரல் தானே குறித்துவைக்கும் பதிவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சரி சார்" என்று போய்விட்டார்.

ஜாவா மொழியில், திரைப் பொத்தான்களும் பெட்டிகளும் தரும் அதன் ஸ்விங் தொகுப்பை வைத்து நான் எழுதிய சரக்குப் பதிவு நிரல் இது. எஃப் 9 அளவை மாற்றும், பக்கத்திலிருக்கும் எஃப் 8 வரியை அழிக்கும். அழிக்கும் முன் "உறுதியா?" என்று கேட்கும் சிறு பெட்டி, டயலாக், வரும். ஸ்விங் ஆயத்தமாகத் தரும் ஜேஆப்ஷன்பேனின் ஆம்/இல்லை டயலாக்கில், நாம் வேறு சொல்லாவிட்டால் போகஸ், அதாவது விசை போய்ச் சேரும் இடம், 'ஆம்' மேல்தான் இருக்கும். நானும் வேறு சொல்லவில்லை.

அவர் ஒரு கையால் விசையை அழுத்திக்கொண்டே இன்னொரு கையால் ஸ்கேன் செய்கிறவர். பார்கோடு ஸ்கேனர் கணினிக்கு இன்னொரு கீபோர்டு, அவ்வளவுதான். 13 இலக்கங்களைக் கண்சிமிட்டும் நேரத்தில் தட்டிவிட்டு, கடைசியில் ஒரு என்டரையும் தட்டும். விரல் தவறி எஃப் 8 பட்டதும் டயலாக் திறந்தது. இலக்கங்கள் அதில் போய் விழுந்தன, பொத்தானுக்கு இலக்கம் எதற்கு, ஒன்றும் நடக்கவில்லை. என்டர் 'ஆம்' சொன்னது. டயலாக் முழுதாகத் திறக்கும் முன்பே வந்துவிட்ட விசைகளைக்கூட ஜாவா வரிசையில் பிடித்து வைத்திருந்து, போகஸ் மாறியதும் அதனிடமே கொடுக்கும். வேகமாகத் தட்டுபவர்களுக்காகச் செய்த நல்ல ஏற்பாடு அது. ஆக, ஒரு வரி அழிந்தது, அடுத்து ஸ்கேன் செய்த பொருளும் பதிவாகவில்லை. அவர் சொன்னபடி எந்தக் கேள்வியும் அவர் கண்ணில் படவில்லை.

இது எனக்குப் பிடிபட இரண்டு வாரம் ஆனது. என் மேசையில் ஸ்கேனர் இல்லை, கீபோர்டில் தட்டித்தான் சோதித்தேன், அப்படிச் சோதித்தால் இது வரவே வராது. விசை அழுத்தியதை ஜாவா நிரலுக்குச் சொல்லும் கீஈவென்ட்டிலும் எந்தச் சாதனத்திலிருந்து விசை வந்தது என்ற தகவல் கிடையாது. இதெல்லாம் உண்மைதான். ஆனால் டயலாக் திறந்ததும் 'ஆம்' விழுந்ததும் லாக்கில் ஒரே நொடியில் இருந்தன, அந்த வரியைத்தான் நான் அவரிடம் காட்டினேன். அப்போது அதை அவருடைய அவசரம் என்றுதான் படித்தேன். வேறு யாராவது சொல்லியிருந்தாலும் அப்படித்தான் படித்திருப்பேனா? படித்திருப்பேன் என்று நினைக்கத்தான் ஆசை.

திருத்தம் சின்னது. என்டர் தட்டினால் இயங்கும் இயல்பு பொத்தானை 'இல்லை' ஆக்கினேன், டயலாக் திறந்த முதல் அரை நொடிக்கு எந்த விசையையும் ஏற்க வேண்டாம் என்று வைத்தேன். உடனே வேறு இருவர் "என்டர் வேலை செய்யல" என்று புகார் சொன்னார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. லாக்கில் "பயனர் ஆம் என்றார்" என்று இருந்ததை "ஆம் பொத்தான் இயங்கியது" என்று மாற்றினேன். திருத்தத்தை மேலாளருக்கு எழுதினேன். அந்த ஊழியருக்குத் தனியாகச் சொல்லவில்லை, எப்படியும் தெரிந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். அவர் ஸ்கேனரைக் கீழே வைத்தார், எஃப் 8 அழுத்தினார், டயலாக் வரும்வரை இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.